பூங்குன்றனாரின் தெப்பம்

புறநானூற்றின் 192ஆம் பாடல் கணியன் பூங்குன்றனார் இயற்றியது. திணை பொதுவியல், துறை பொருண்மொழிக்காஞ்சி. 13 அடிகள் கொண்ட இப்பாடலிலிருந்து மேடைப் பேச்சுகளில் பெரும்பாலும் எடுத்தாளப்படுவது முதல் அடி மட்டுமே. அதனால் இது உலக ஒற்றுமைப் பாட்டாகவே அறியப்படுகிறது. பாடலின் வலிமை பின்னடிகளில் இருக்கிறது.

நன்மை தீமை இரண்டுக்கும் அவரவரே காரணம். சாவு ஒன்றும் புதிதன்று. பாறைகளில் மோதி இரையும் பேராற்றில் தெப்பம் போவதுபோல உயிர் முறைவழிச் செல்லும் என்கிறார் புலவர். அடிமையாயிருந்த எபிக்டெட்டசும் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியசும் பின்பற்றிய ஸ்டோயிக் நெறிக்கு இது மிக அருகில் நிற்கிறது.

அந்த முறை எது, அதை வகுத்தது யார்? புலவர் விளக்கவில்லை. அறிவுடையோர் கண்டு சொன்னது என்று ஒரே வீச்சில் கடந்துவிடுகிறார். மணிமேகலையின் 27ஆம் காதையில் சமயவாதிகள் அளவை, அணு, உயிர் என விரித்துரைப்பதை இதனுடன் ஒப்பிடலாம். தத்துவ வரலாற்றுக்கு அது பெரும் சான்று. ஆனால் பசித்தவர்க்குச் சோறிட்டு வந்த மணிமேகலைக்கு அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

விதியை நம்புவோர் பிறர் துன்பத்தைத் தலையெழுத்து என்று ஒதுக்கிவிடுவதுண்டு. பூங்குன்றனார் அதே நம்பிக்கையிலிருந்து நேர்மாறான முடிவுக்கு வருகிறார்: எல்லோரும் ஒரே வெள்ளத்தில் போகிறவர்கள், ஆகவே பெரியோரைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை, எளியோரைத் தாழ்வாக நினைப்பது அதைவிடவும் ஆகாது. மாணவர்கள் முதலில் மனப்பாடம் செய்யத் தக்கவை இந்தக் கடைசி இரண்டு அடிகளே.