அவஸ்தாவும் குர்து மொழியும்: பட்டியலில் விடுபட்ட ஒரு சொல்

ஸொராஸ்திரியரின் வேதநூலான அவஸ்தாவின் மொழியையும் இன்றைய குர்து மொழியையும் அருகருகே நிறுத்தும் சொற்பட்டியல்களைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் ஐயமும் ஒருங்கே ஏற்படுகின்றன.

மகிழ்ச்சிக்குக் காரணம் உண்டு. அவஸ்தாவில் 'நான்' என்பது 'அஸம்'. வட குர்தாகிய குர்மாஞ்சியில் 'எஸ்'. பாரசீகமோ இதனைக் கைவிட்டு 'மன்' என்கின்றது. மருமகன் அவஸ்தாவில் 'ஸாமாதர்', குர்மாஞ்சியில் 'ஸாவா', பாரசீகத்தில் 'தாமாத்'. அறிதலைக் குறிக்க முறையே 'ஸன்', 'ஸானீன்', 'தானிஸ்தன்'. (இச்சொற்களில் 'ஸ' எனக் காட்டுவது அறபு 'ஸாய்' எழுத்தின் ஒலியாகும்.) பாரசீகம் 'தால்' ஒலிக்குமிடத்தில் குர்து மொழி 'ஸாய்' ஒலியைப் பேணிவருவது தற்செயலன்று.

ஆயினும், அவஸ்தாவின் மகளே குர்து மொழி என முடிவுகட்டுவோருடன் நான் உடன்படமாட்டேன். இதயத்துக்கு அவஸ்தாவில் 'ஸெரெத்'. குர்து மொழியிலோ பாரசீகத்தைப் போலவே 'தில்'. பட்டியல்காரர்கள் இச்சொல்லை வசதியாக மறந்துவிடுகின்றனர். குர்து மொழி பாரசீகத்துடன் பகிர்ந்துகொள்ளும் இத்தகைய மாற்றங்களை மெக்கன்ஸி 1961இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். அவஸ்தா தாயல்ல, பெரியம்மா முறைதான்.

இந்த உரிமைகோரலின் பின்னாலுள்ள வலியையும் நான் மறுக்கவில்லை. துருக்கியில் 1983ஆம் ஆண்டின் 2932ஆம் இலக்கச் சட்டம் குர்து மொழி வெளியீடுகளைத் தடுத்தது. 1991இலேயே அது நீக்கப்பட்டது. உனக்கென்று மொழியே இல்லை என்று சொல்லப்பட்டவன் பூர்வீக உறுதியைத் தேடத்தானே செய்வான்!

எனக்கு மிகப் பிடித்த சொல் 'நிமேஜ்'. குர்து முஸ்லிம்கள் தொழுகையை இவ்வாறே அழைக்கின்றனர். வணக்கத்தைக் குறிக்கும் அவஸ்தாவின் 'நெமஹ்', வடமொழியின் 'நமஸ்' இரண்டும் இதன் உறவுகள். நோன்பு அவர்களுக்கு 'ரோஜி'. பகலைக் குறிக்கும் 'ரோஜ்' என்பதிலிருந்து வந்தது அது. அதற்கும் அப்பால் அவஸ்தாவில் ஒளியைக் குறிக்கும் 'ரவோசஹ்' நிற்கின்றது. தொழுகை, நோன்பு என்று பழந்தமிழ்ச் சொற்களையே கலிமா சொல்லவைத்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

'மெம் ஊ ஸீன்' காவியம் தந்த அஹ்மத் கானி, 1683இல் குர்துச் சிறுவருக்காக அறபு–குர்து அகராதியொன்றைச் செய்யுளில் ஆக்கினார். தன் தாய்மொழிச் சொல்லை அவர் நிறுத்தியது அவஸ்தாவின் பக்கத்திலல்ல, குர்ஆனின் மொழிக்குப் பக்கத்தில். பட்டியல் தொகுப்போர் அந்த நூலையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.