பாரதியார் எழுதிய பள்ளிக் கணக்கு

பள்ளிக்கூடம் மாணவனுக்கு மதிப்பெண் போடுகிறது. மாணவன் பள்ளிக்கூடத்துக்கு மதிப்பெண் போட்டால் எப்படி இருக்கும்? போட்டார் ஒருவர். 1894 முதல் 1897 வரை நெல்லை இந்துக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலக் கல்வி பயின்ற எட்டயபுரத்துச் சுப்பிரமணியன், பாரதியாராய் வளர்ந்த பின், தம் பள்ளி நாட்களைத் திரும்பிப் பார்த்துக் கணக்கெழுதினார். வரவு என்ன, செலவு என்ன என்று கூட்டிக் கழித்தார். பள்ளிக்குக் கிடைத்த மதிப்பெண் சுழியம்!

1910-இல் ‘கனவு’ என்ற பெயரில் வெளிவந்த அவருடைய தன் வரலாற்றுக் கவிதையில், ஆங்கிலப் பயிற்சி பற்றிய பகுதியே அந்தக் கணக்கு. ஒரு தமிழ்க் கவிஞன் தன் ஆங்கில வகுப்பைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக, இவ்வளவு சினத்தோடு எழுதியது அரிது. அரிது என்பதற்காகவே அதை ஆராயாமல் விட்டுவிடலாமா? பாராட்டு விழாக்களில் அப்பகுதியின் இரண்டொரு அடிகளை முழங்கிவிட்டு இறங்கிவிடுகின்றனர். முழுக் கணக்கையும் புரட்டிப் பார்ப்போர் சிலரே. நாம் புரட்டிப் பார்ப்போம். அதுவும் நெட்டப்பாக்கத்தில் அமர்ந்து புரட்டிப் பார்ப்போம்.

நெட்டப்பாக்கம் ஏன்? காரணம் உண்டு. ஆங்கிலக் கல்வியைச் சாடிய அக்கவிதை வெளிவந்தபோது பாரதியார் ஆங்கிலேயர் மண்ணில் இல்லை. 1908 முதல் 1918 வரை, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்தார். அந்தப் புதுவையின் உட்புறத்தில், நெல்லும் கரும்பும் விளையும் ஊர் நெட்டப்பாக்கம். 1954 மார்ச்சு இறுதியில் பிரெஞ்சு ஆட்சியின் பிடியினின்று விடுபட்டு, தற்காலிக அரசு அமைய இடம் தந்த ஊர் அது. அதே ஆண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 பேராளரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவளித்தனர்; நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. நெல்லைச் சிறுவனுக்கு ஆங்கிலம் ஆண்டவனின் மொழி. நெட்டப்பாக்கத்துச் சிறுவனுக்கு ஆண்டவனின் மொழி பிரெஞ்சு. ஆங்கிலமோ ஆட்சி மாற்றத்துக்குப் பின் ஊருக்குள் காலூன்றிய மொழி! ஒரே ஆங்கிலம், ஓரிடத்தில் விலங்கு. மற்றோரிடத்தில் விடுதலையோடு வந்த விருந்தாளி. ஆகவே, பாரதியாரின் கணக்கைச் சரிபார்க்க நெட்டப்பாக்கமே நல்ல இடம்.

முதலில் கவிஞரின் குற்றச்சாட்டுகளில் மெய்யானவற்றை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டு கணிதம் படித்தவனுக்கு வானத்தில் ஒரு விண்மீன் நிற்கும் நிலை தெரியவில்லை என்கிறார். ஆயிரம் காவியம் கற்றவனுக்குக் கவிஞனின் உள்ளம் தெரியவில்லை என்கிறார். பொருளியல் பேசுகிறவன் தான் வாழும் நாட்டின் பொருள் அழிவதை அறியவில்லை என்கிறார். இவை ஏட்டுச் சுரைக்காயின் மேல் விழுந்த வெட்டுகள். நூற்றுப் பதினைந்து ஆண்டு கடந்தும் இவ்வெட்டின் கூர் மழுங்கவில்லை.

இன்றைய ஆங்கில வகுப்பைப் பாருங்கள். 2023-24 கல்வியாண்டில் புதுவை அரசுப் பள்ளிகளின் உயர் வகுப்புகளில் மத்திய வாரியப் பாடத்திட்டம் புகத் தொடங்கியது. அதற்கு முன் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். திட்டம் மாறியது, மனப்பாடம் மாறியதா? செய்தித்தாள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுக என்பது வினா. தெருவில் குப்பை, குழாயில் நீரில்லை என்பன பொருள். வழிகாட்டி நூலில் கடிதம் ஆயத்தமாக இருக்கிறது. மாணவன் அதை உருப்போடுகிறான்; காற்புள்ளி பிறழாமல் ஒப்பிக்கிறான்; மதிப்பெண் பெறுகிறான். தன் தெருவில் மெய்யாகவே குழாய் வறண்டு கிடக்கும்போது, தமிழிலாவது ஆங்கிலத்திலாவது ஒரு விண்ணப்பம் எழுத அவன் கை எழுவதில்லை! கடிதம் எழுதக் கற்றவனுக்குக் கடிதம் எதற்கு என்று தெரியவில்லை. பாரதியார் சொன்னதும் இதைத்தானே? இந்த மட்டில் அவர் கணக்குச் சரி. தலை வணங்கி ஏற்கிறோம்.

ஆனால் கணக்கேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டும்போது நம் புருவம் நெரிகிறது.

தம்மைத் தந்தை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியதற்குக் கவிஞர் இரண்டு உவமை சொல்கிறார். சிங்கக் குட்டியைப் புல் தின்ன அனுப்புவது போன்றது என்பது ஒன்று. இருக்கட்டும். இறைச்சி விற்பது நல்லதென்று ஒரு பார்ப்பனப் பிள்ளையை அத்தொழிலில் புகுத்துவது போன்றது என்பது மற்றொன்று. அத்தோடும் நிற்கவில்லை; ஆரியருக்கு அருவருப்பு ஊட்டும் கல்வி அது என்றும் பெயர் சூட்டுகிறார்!

தோழர்களே, இவ்வுவமையை நெட்டப்பாக்கத்துச் சேரியில் நின்று படித்துப் பாருங்கள். இறைச்சி விற்பவன் வீட்டிலும் பிள்ளை உண்டு. அப்பிள்ளைக்கு எந்தப் பள்ளி அருவருப்பு? திண்ணைப் பள்ளியின் படியேறினால், ‘எட்டி நில்’ என்ற குரல் கேட்டது. வேதபாடசாலையின் பக்கம் செவி சாய்த்தாலே குற்றம் என்றது சாத்திரம். நெட்டப்பாக்கத்துக்கு அண்மையிலுள்ள பாகூரில் 9-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வித்தியாஸ்தானம் இருந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்கள் அதற்குக் கொடையளிக்கப்பட்டன என்று பாகூர்ச் செப்பேடு பேசுகிறது. பழம்பெருமை பேசுவோர் மகிழட்டும். நாம் ஒன்று கேட்போம். அந்த ஊர்களில் ஏர் ஓட்டியவனின் மகன் அக்கல்லூரியில் அமர்ந்து படித்தானா? விளைவித்தவன் ஒருவன், விளைச்சலில் கற்றவன் வேறொருவன்! அந்நியன் நடத்திய பள்ளி அடிமைக்கூடமாகவே இருக்கட்டும். அதன் வாயிலில்தான், எவ்வளவு தயக்கத்தோடாயினும், பிறப்பைக் கேளாது பெயரைப் பதியும் வழக்கம் பிறந்தது. ஒருவருக்குப் புல்லாகத் தோன்றியது மற்றொருவருக்குப் பசி தீர்த்த முதற் சோறு. இதைக் கவிஞரின் கணக்கு காணவில்லை.

நாம் காழ்ப்பினால் இதை எழுதவில்லை. அதே புதுவையில் பிற்பாடு ரா. கனகலிங்கம் என்னும் தாழ்த்தப்பட்ட இளைஞருக்குப் பூணூல் அணிவித்தவர் பாரதியார். நூலை எல்லார் மேலும் ஏற்றுவதைக் காட்டிலும் எல்லார் மேனியினின்றும் இறக்குவதே நம் வழி. ஆயினும் தம் உவமையைத் தாமே தாண்டி நடக்க முயன்றவர் அவர் என்பதை மறைப்பது நேர்மையாகாது. மனிதர் வளர்ந்தார், உவமை வளரவில்லை. ஏட்டில் அச்சேறியது அங்கேயே நிற்கிறது. அதைச் சுட்டுவதே திறனாய்வின் கடமை.

இன்னொரு பதிவு. பாடத்தில் பொழுதெல்லாம் போக்கியதால் உடல் சோர்ந்தது, கண் குழிந்தது, உள்ளம் வலுவிழந்தது என்று நட்டத்தை அடுக்கும் கவிஞர், ஐயம் மிகுந்ததையும் அந்த நட்டத்தில் சேர்க்கிறார். உடல் சோர்ந்தது நட்டம்தான், ஒப்புகிறோம். ஐயம் மிகுந்தது நட்டமா? ஐயம் அறிவின் வாயில் அல்லவா? ‘ஏன்’ என்று கேட்க வைத்தது ஒன்றே அப்பள்ளி செய்த நன்மையென்றாலும், அதை வரவுப் பக்கத்தில் அன்றோ எழுதவேண்டும்? தந்தைக்கு ஆயிரம் செலவு, தமக்குப் பல்லாயிரம் தீங்கு, எள்ளளவும் நன்மையில்லை என்று நாற்பதாயிரம் கோயிலில் நின்று சொல்லவும் அவர் ஆயத்தமாகிறார். கோயில் எண்ணிக்கையால் கணக்குச் சரியாகிவிடுமா? தாம் அழியாமல் தப்பியதற்கு முன்செய்த நல்வினையையும் பாரத அன்னையின் அருளையும் காரணம் காட்டுகிறார். வினையும் அன்று, அருளும் அன்று! ஓயாத படிப்பும் உறங்காத உள்ளமும் அவரைக் காத்தன.

எள்ளளவும் நன்மை இல்லையா? ஷெல்லியில் மனம் பறிகொடுத்து ‘ஷெல்லிதாசன்’ என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டவர் யார்? ஆழ்வார் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் யார்? ஆங்கிலத்திலேயே கட்டுரை தீட்டியவர் யார்? பாரதியாரே! நெல்லையில் பிடித்த ஆங்கில எழுத்தின் நுனியைப் பற்றிக்கொண்டே அவர் அந்த உலகுக்குள் நடந்தார். வகுப்பறை அவருக்குச் சுவை ஊட்டவில்லை, சாவியைக் கொடுத்தது. சாவி கொடுத்தவன் பகைவன் என்பதற்காக, கதவு திறந்ததை மறைக்கலாமா? வரவில் எழுதாமல் விட்ட பெருந்தொகை இது.

ஆங்கிலம் கற்றவர் கம்பனை அறியார், வள்ளுவரை அறியார், இளங்கோவை அறியார் என்ற அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் காளிதாசன், பாணினி, சங்கரன் என்ற பெயர்களையும் அதே மூச்சில் அடுக்கி, எல்லாம் நம் பழம்பெருமை என்கிறார். வள்ளுவரை அறியாதிருப்பது தமிழனுக்குத் தாயை அறியாதிருப்பது. சங்கரரை அறியாதிருப்பதும் அத்தகையதோ? இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது நிறுவை பிழைத்த தராசு.

அவருடைய அன்பர், புதுவை மண்ணின் மைந்தர் பாரதிதாசனை எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சியின் பள்ளிகளிலேயே தமிழாசிரியராகப் பணியாற்றி 1946-இல் ஓய்வு பெற்றவர் அவர். அந்நியன் பள்ளியின் கூரைக்கடியில் நின்றே தமிழை வளர்க்க முடியும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. பள்ளி எவனுடையது என்பது ஒரு கேள்வி. அங்கே என்ன நிகழ்கிறது என்பது அதனினும் பெரிய கேள்வி.

சரிபார்த்த கணக்கின் முடிவு என்ன? உருப்போடும் படிப்பைப் பாரதியார் வெறுத்தது சரி. அதை ஆங்கிலத்தின் குற்றமாக எழுதியது பிழை. நிகண்டையும் எண்சுவடியையும் பொருளுணராது ஒப்பித்த திண்ணையிலும் அக்குற்றம் இருந்தது. ஆங்கிலத்தைத் தொழுவதும் அடிமைத்தனம், அருவருப்பதும் அறியாமை. அது கருவி, கருவியைக் கையில் எடுக்கவேண்டும், பூசையறையில் வைக்கக்கூடாது.

நெட்டப்பாக்கத்து இளைஞர்களே! உங்கள் பாட்டன் பிரெஞ்சுத் தாளில் கைநாட்டு வைத்தான். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்குத் தெரியாது. அவன் பேரன் ஆங்கிலத் தாளில் அழகாகக் கையெழுத்திடுகிறான். அதன் பொருள் அவனுக்குத் தெரியவில்லையானால், கைநாட்டுக்கும் கையெழுத்துக்கும் மையைத் தவிர என்ன வேறுபாடு? படிப்பகத்தில் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டுங்கள். வழிகாட்டி நூலை மூடச் சொல்லுங்கள். கரும்பு வெட்டும் நாளைப் பற்றி, ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலைப் பற்றி, 1954-இல் ஊரில் நடந்ததைப் பெரியவர் வாய்மொழியில் கேட்டு, முதலில் தமிழில் எழுதட்டும். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதட்டும். பிழை இருக்கும், இருக்கட்டும். பிழையோடு எழுதிய தன் சொல், பிழையின்றி ஒப்பித்த பிறன் சொல்லினும் உயர்ந்தது.

அப்படி எழுதிப் பழகும் பிள்ளை நாளை தன் பள்ளியைப் பற்றித் தானே ஒரு கணக்கெழுதும். அதில் வரவும் இருக்கும், செலவும் இருக்கும், அருவருப்பு இராது. அந்தக் கணக்கைப் படிக்க நாம் காத்திருக்கிறோம்.