யார் திறந்த மடை? யோகி பி-யை முன்வைத்துச் சில குறிப்புகள்

ராப் குறித்துத் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை. அமெரிக்கக் குப்பை, தமிழிசையைக் கெடுக்க வந்தது என்பது ஒன்று. வரிகளை மட்டும் உருவி எடுத்து, எதிர்ப்புக் குரல் இருக்கிறதா இல்லையா என்று சலித்துப் பார்ப்பது மற்றது. நம் தோழர்கள் இரண்டாவது வகை. நானும் அப்படித்தான் இருந்தேன். எம்.ஏ. தமிழ் படித்தவன் காதில் சொல்தான் விழும். சொல்லைச் சுமந்து வருகிற ஓசை யாருடைய கைவேலை என்று கேட்கவே தோன்றாது.

பரிபாடல் பாடம் நடத்தியபோது இது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கிடைத்த பாடல்களில் பெரும்பாலானவற்றின் அடியில் பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண் ஆகிய மூன்றும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. நல்லந்துவனாரையும் கடுவன் இளவெயினனாரையும் மனப்பாடம் செய்தோம். கண்ணனாகனாரையும் மருத்துவன் நல்லச்சுதனாரையும் (வைத்தியமும் பார்த்தாரோ என்னவோ) பரீட்சைக்கு வராதென்று தள்ளிவிட்டோம். இலக்கிய வரலாறு என்கிற கதையாடலும் அதைத்தான் செய்தது. பிரதி என்றால் எழுத்து, ஆசிரியன் என்றால் எழுதியவன். ஓசையை உற்பத்தி செய்தவன் அடிக்குறிப்பு.

2007 என்று நினைவு. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சேலத்துக்குப் போகிற பஸ், மஞ்சவாடிக் கணவாயில் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் தலைக்கு மேலிருந்த பெட்டியிலிருந்து ‘மடை திறந்து’ வந்தது. ‘நிழல்கள்’ (1980) படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டுதானே என்று நிமிர்ந்தால் அது இல்லை. அடியில் வேறு தாளம். பல்லவி வந்து போக, நடுவில் படபடவென்று பேசுகிறார்கள். பக்கத்து சீட்டுப் பெரியவர், “பாட்டை என்னடா பண்ணி வெச்சிருக்கானுங்க” என்றார். ஆனால் அவர் கால் தட்டிக்கொண்டிருந்தது.

பண்ணி வைத்தவர் கோலாலம்பூர்க்காரரான யோகி பி. இயற்பெயர் யோகேஸ்வரன் வீரசிங்கம். பாடுபவர், எழுதுபவர், தயாரிப்பாளர். 90களில் ‘பொயட்டிக் அம்மோ’ என்கிற குழுவில் இருந்தார். 1998இல் வந்த அவர்களது முதல் ஆல்பத்தில் ஆங்கிலமே முதன்மை. பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடு ‘நட்சத்திரா’ என்று சேர்ந்து 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். தமிழ் ராப்புக்கு அதற்கு முன் ஆளே இல்லை என்பதல்ல. 1994லேயே ‘காதலன்’ படத்தில் ‘பேட்டை ராப்’ வந்துவிட்டது. ஆனால் அது படத்துக்குள் ஒரு பாட்டு. சினிமாவின் தயவில்லாமல் முழு ஆல்பமாக வந்து, கடல் தாண்டி நம்ம ஊரு பஸ் வரைக்கும் ஏறியது ‘வல்லவன்’தான்.

ஹிப்ஹாப்பின் தொடக்கமும் வாய் அல்ல, கைதான். கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் நியூயார்க்கின் பிராங்ஸுக்குக் குடிபெயர்ந்த கிளைவ் கேம்ப்பெல் என்னும் ‘கூல் ஹெர்க்’, 1973 ஆகஸ்ட் 11 அன்று தன் குடும்பம் குடியிருந்த கட்டடத்தில் ரெக்கார்டு போட்டார். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், துணிமணிக்குக் காசு சேர்க்க அந்தக் கூத்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி. (அவர் பெயரும் எத்தனையோ காலம் அடிக்குறிப்புதான்.) ஆட வருகிறவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஹெர்க் கவனித்தார். பாட்டு அடங்கி வெறும் தாளம் மட்டும் ஓடுகிற அந்தச் சில நொடிகளுக்காக. ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்று முடிய மற்றதில் ஊசியை வைத்து, அந்த நொடிகளை நிமிடங்களாக இழுத்தார். அதன்மேல் பேச்சு பிற்பாடு வந்து ஏறிக்கொண்டது.

இது நமக்கு அந்நியமா? ஜமைக்காவில் தெருவில் பெட்டி வைத்துப் பாட்டுப் போட்டவர்களும் எங்கள் ஊர் மைக்செட்காரரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். முதலில் பிள்ளையார் பாட்டு, பெண் அழைப்புக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று ஊரின் மனநிலையைத் தொகுத்தது அவர் கை. குழாய் எந்தத் தெருவைப் பார்த்துக் கட்டப்படுகிறது, எந்தத் தெருவில் எந்தப் பாட்டு ஓடலாம் என்பதெல்லாம் சாதி தீர்மானிக்கிற விஷயங்கள் என்பதை இந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

‘மடை திறந்து’க்கு வருவோம். பாரதிராஜாவின் படம் வேலையில்லாத இளைஞர்களைப் பற்றியது. அதில் இசையமைப்பாளனாக வேண்டும் என்று கனவு காண்கிறவனின் பாட்டு அது. அவன் ஜெயிப்பதில்லை. 26 வருடம் கழித்து அந்தப் பல்லவியைக் கோலாலம்பூரில் ஒருவர் எடுக்கிறார். ரப்பர் தோட்டங்கள் கைமாறித் துண்டாகி, லயங்களிலிருந்து வெளியேற்றப்பட்டு, நகர ஓரத்து அடுக்குமாடிகளில் வந்து விழுந்தவர்களின் பிள்ளைகள் அதைக் கேட்கிறார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை, தர்மபுரியும் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டத்திலிருந்தும் கங்காணிகள் ஆள் பிடித்து அனுப்பிய மலேயா அது. ‘வல்லவன்’ வந்த மறு வருடம், 2007 நவம்பர் 25 அன்று, கோலாலம்பூர்த் தெருவில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கண்ணீர்ப்புகைக்கு நடுவே நின்றார்கள். பாட்டால்தான் அது நடந்தது என்று சொன்னால் அபத்தம். ஆனால் இனி காத்திருக்க மாட்டோம் என்கிற தொனி அந்தத் தாளத்தில் ஏற்கெனவே இருந்தது. வரிகளில் தேடினால் கிடைக்காது. அங்கே சுயதம்பட்டம்தான் அதிகம். தோற்றவனின் கனவை எடுத்து ஜெயித்தவனின் நடையில் திரும்பச் சொன்னது தயாரிப்பாளரின் வாசிப்பு. ராஜாவின் பாட்டுக்கு எந்த விமர்சகரும் எழுதாத விமர்சனம் அது என்பேன்.

இதற்காக யோகி பி-யைத் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. ‘வல்லவன்’ என்ற தலைப்பிலேயே மீசை இருக்கிறது. மூன்று ஆண்களின் வீறாப்புக்கு நடுவில், தோட்டத்தில் பால் வெட்டிய பெண்ணுக்கு இடம் எங்கே? சினிமாவும் அவரை வேகமாக விழுங்கியது. 2007இல் ‘பொல்லாதவன்’ படத்தில் பழைய பாட்டின் ரீமிக்ஸில் ஒரு குரல். 2017இல் ‘விவேக’த்தில் கதாநாயகனுக்குப் புகழ்மாலை. பழைய பாட்டைத் தன் விருப்பத்துக்கு வளைத்த கை, இன்னொருவர் வகுத்த இசைக்குள் கூலிக்குரலாகிப் போனது.

2019இல் வந்த ‘தெருக்குரல்’ அறிவு, ஆஃப்ரோ என்று எழுதியவர், இசை செய்தவர் இருவர் பெயரையும் சமமாகப் போட்டு வந்தது. பரிபாடலுக்குப் பிறகு இப்படி ஒரு நேர்மையா என்று நான் மகிழ்ந்தேன். இரண்டே வருடத்தில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை அறிவு அதில் வைத்திருந்தார். 2021 ஆகஸ்டில் அந்தப் பாட்டைக் கொண்டாடி அட்டைப்படம் போட்ட ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழில் அவர் முகம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அவரைத் தனியாக அட்டையில் போட்டார்கள். இந்த முறை அடிக்குறிப்பானது சொல்லுக்குச் சொந்தக்காரர். 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்கள் யாருக்கும் வருமானம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சொல் யாருடையது, ஓசை யாருடையது என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கணக்குப் புத்தகம் மூன்றாவது ஒருவரிடம் இருந்திருக்கிறது.

போன மாசி மாதம் ஊர்த் திருவிழா நோட்டீசைப் பார்த்தேன். உபயதாரர்களுக்கெல்லாம் கீழே, கடைசி வரியில், சின்ன எழுத்தில், ‘ஒலி ஒளி அமைப்பு’ என்று போட்டு மைக்செட்காரர் பெயர் இருந்தது. வசூல் கணக்கில் அவருக்கு எவ்வளவு என்று கேட்டேன். இன்னும் பாக்கி நிற்கிறதாம்.