புறவழிச்சாலைக்காக ஒரு பூமி

டக்ளஸ் ஆடம்ஸின் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி’ 1978இல் பி.பி.சி. வானொலித் தொடராக வந்து, 1979இல் நாவலானது. விண்வெளிக் கதைதான். ஆனால் தொடங்குவது இங்கிலாந்தில், ஒரு புல்டோசருக்கு முன்னால். புறவழிச்சாலைக்காக நாயகன் ஆர்தர் டென்ட்டின் வீட்டை இடிக்க வந்திருக்கிறார்கள். வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்களாம்: வெளிச்சமில்லாத நிலவறையில், பூட்டிய அலமாரிக்குள்! சற்று நேரத்தில் வோகன்கள் என்னும் வேற்றுக்கிரகவாசிகள் வானில் வந்து நின்று, விண்வெளிப் புறவழிச்சாலைக்காகப் பூமியையே இடிக்கப்போவதாக அறிவிக்கிறார்கள். ஆட்சேபிக்க ஐம்பது ஆண்டு அவகாசம் தந்தோமே, ஆல்ஃபா சென்டாரி அலுவலகத்துக்கு வந்திருக்கலாமே என்று கேள்வி வேறு. அவர்களுக்குப் பூமிமேல் பகை எதுவும் இல்லை. கோப்பு நகர வேண்டும், அவ்வளவுதான்.

வாழ்க்கை, பிரபஞ்சம், எல்லாவற்றையும் பற்றிய இறுதிக் கேள்விக்கு ஒரு கணினி சொல்லும் 42 என்ற விடையைத்தான் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதற்கு முந்தைய காட்சிதான் உசத்தி. கணினி விடை கண்டுபிடித்துவிட்டால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று தத்துவவாதிகள் சண்டைக்கு வருகிறார்கள். விடை வர 75 லட்சம் ஆண்டு ஆகும், அதுவரை ஊடகங்களில் ஒருவரையொருவர் திட்டிச் சம்பாதிக்கலாமே என்று கணினியே யோசனை சொல்கிறது. செய்திச் சேனல்களின் இரவு விவாதங்களை இதைவிடச் சுருக்கமாக யாரும் கேலி செய்ததில்லை.

கதைக்கோப்பு தளர்வுதான், ஆடம்ஸ் அதற்காக அலட்டிக்கொள்ளவும் இல்லை. ஏதாவது அரசு அலுவலகத்தில் காத்திருக்க வேண்டிய நாளில் கையோடு எடுத்துப் போய்ப் படியுங்கள்.