மட்டக்குதிரையின் தேக உஷ்ணம்

போரினால் 1990 இல் இடம்பெயர்ந்து, 2017 இல் துறைமுகப் பகுதி இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட பின்னர் சிறிது சிறிதாக மீள்குடியேறிவரும் மீனவ ஊரான மயிலிட்டியிலிருந்து, படகையும் வலையையும் விட்டுக் குதிரையின் உஷ்ணம் அளக்கும் கருவிகளைப் பற்றி ஒருவன் எழுதப் புகுவது விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் குதிரைமுகம் நீங்கிய இளவரசி மாருதப்புரவீகவல்லியின் ஐதிகம் வழங்கும் மாவிட்டபுரம் அணித்தே இருக்க, நெடுந்தீவிலே பறங்கியர் காலத்து மட்டக்குதிரைகளின் சந்ததி இன்றும் மேய்ந்து திரிய, எமக்கும் குதிரைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட முடியாது. நான் பரீட்சித்தது, உறவினர் ஒருவர் நுவரெலியாவிலிருந்து தருவித்துத் தம் வளவில் வளர்க்கும் மட்டக்குதிரையொன்றில்.

வளர்ந்த குதிரையின் இயல்பான உஷ்ணம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரை. விடியற்புறத்திற் சற்றுத் தாழ்ந்தும் பின்னேரத்திற் சற்று உயர்ந்தும் நிற்பது. எல்லை இவ்வளவு குறுகியதாகையால், ஒரு பாகை பிழைக்கும் கருவி எத்துணை அழகியதாயினும் வீணே.

கொரோனாக் காலத்திலே கடைவாசல்தோறும் எம் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட துப்பாக்கி வடிவக் கருவி இந்த இடத்திலேதான் தோற்கிறது. வேப்பமர நிழலில் நின்ற குதிரையின் விலாவில் அது காட்டிய எண் ஒன்று. வெயிலுக்குக் கொண்டுவந்த சற்றைக்கெல்லாம் காட்டியது வேறொன்று. வியர்வை கடற்காற்றில் உலர்கையிற் பின்னுமொன்று. அது அளப்பது மயிரின் வெப்பமேயன்றி உள்ளுடம்பின் வெப்பமன்று. நான்கு குளம்புகளையும் ஒப்புநோக்கி, ஒன்று மட்டும் அழற்சியாற் கொதிக்கிறதா என்று பார்க்க அது உதவும். காய்ச்சல் பார்க்க உதவாது.

கழுத்திலே செலுத்தப்படும் நெல்மணியளவான மின்சில்லு, அடையாள எண்ணோடு உஷ்ணத்தையும் வாசிப்பானுக்குச் சொல்லிவிடுமாம். பந்தயக் குதிரை லாயங்களுக்கு அது தகும். ஒரு குதிரை வைத்திருப்பவருக்கு அந்த வாசிப்பான் அநாவசியச் செலவு.

எஞ்சுவது பாமசியில் வாங்கும் சாதாரண டிஜிற்றல் வெப்பமானி. அதன் முனையில் வசலின் பூசி, பின்னால் நில்லாமல் இடையோடு ஒட்டி நின்று, வாலை மெல்ல ஒதுக்கி, குதத்தினுள் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் செலுத்திச் சற்றே சாய்த்துக் குடற்சுவரோடு சேரப் பிடிக்கவேண்டும். சாணத்திற் புதைந்தால் எண் தாழ்ந்துவிடும். ஓசை எழுந்தவுடன் எடுத்துவிடாமல் இன்னும் சிறிது பொறுப்பது நன்று. மறுமுனையில் உறுதியான நூல் கட்டி, உடுப்புக் கொழுவும் கிளிப்பினால் வால்மயிரோடு பிணைப்பது அவசியம், ஏனெனில் குதிரை கருவியை உள்ளிழுத்துக்கொள்வதும் உண்டு, உதறியெறிவதும் உண்டு. நூல் கோக்க ஒரு துளைகூட இல்லாமல் இவ்வெப்பமானிகளைச் செய்வோர்மீது எனக்குள்ள ஒரே மனத்தாங்கல் இதுவே. பாதரசக் கண்ணாடிக் கருவி இன்னும் கைவசமிருந்தாலும் கொட்டிலுக்குள் வேண்டாம். ஓர் உதைக்கு அது தாங்காது.

நெடுந்தீவுக் குதிரைகளோ எவரையும் அருகணையவிடா. அவற்றுக்கெனத் துப்பாக்கிக் கருவியொன்றை வாங்கிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுக்குப் படகேற எண்ணும் அன்பர்கள், அப்பணத்தைக் கோடையில் அவை குடிக்கத் தண்ணீர்த் தொட்டி வைப்பதற்குக் கொடுக்கலாம்.