கடைசி அரத்தை எவ்வளவு நம்புவது?

தூத்துக்குடி மாவட்டக் கடலோரமான குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. படகும் ராக்கெட்டும் வேறுவேறு உலகம் போலத் தோன்றலாம். ஆனால் மீன்பிடிப் படகின் தண்டைக் கடையும் லேத் பட்டறைக்கும் ராக்கெட் வால்வைக் கடையும் ஆலைக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு: பிசிறு.

டூல் உலோகத்தை விட்டு வெளியேறும் விளிம்பில், அறுபடாமல் மடங்கி நிற்கும் துணுக்கு அது. வழக்கமான தீர்வு எளிது. வரைபடத்தின் மூலையில் 'பிசிறுகளை நீக்கவும்' என்று ஒரு வரி. வேலை முடிந்ததும் ஒருவர் கையில் அரம்.

இந்தப் பழக்கத்தை இளக்காரமாகப் பேசுவதற்கில்லை. முதலீடு கிடையாது, வடிவம் மாறினாலும் கருவி மாற வேண்டாம். விரல் நுனியும் நகமும் கண்ணுக்குத் தப்பும் பிசிறைக்கூடக் கண்டுபிடித்துவிடும். ஒன்றிரண்டு ஜாப் செய்யும் பட்டறைக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

சிக்கல் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது. எவ்வளவு நீக்குவது என்று அது சொல்வதில்லை. ஒருவர் லேசாகத் தேய்ப்பார். இன்னொருவர் விளிம்பையே தின்றுவிடுவார். குறுக்குத் துளைகள் சந்திக்கும் இடத்துக்கோ விரலும் போகாது, அரமும் போகாது. அங்கே ஒட்டியிருக்கும் பிசிறு பிறகு உதிர்ந்து, எண்ணெயோடு ஓடி, வால்வின் சீலைக் கீறும்.

2021 ஆகஸ்ட் 12 அன்று இஸ்ரோவின் ஜி.எஸ்.எல்.வி. எஃப்10 ராக்கெட் தோற்றது, ஒரு வால்வின் மென்சீல் சேதமாகிக் கசிந்ததால்தான் என்று ஆய்வுக் குழு கருதியது. அதற்கான வாய்ப்புகளில் ஒன்றாக மாசையும் அது குறிப்பிட்டது. பிசிறுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வால்வுக்குள் அந்நியத் துகள் என்ன செய்யக்கூடும் என்பதற்கு அந்தக் குறிப்பே போதும்.

அளவிடும்போது பலரும் பிசிறின் உயரத்தையே பார்க்கிறார்கள். ஆனால் அதை எடுப்பது எளிதா கடினமா என்பதைத் தீர்மானிப்பது அதன் அடிப்பகுதியின் தடிமன். உயரமான மெல்லிய பிசிறு சட்டென ஒடியும். குட்டையான தடித்தது மல்லுக்கட்டும்.

இயந்திர வழிகளும் குறையற்றவை அல்ல. எரிவாயுவையும் ஆக்சிஜனையும் கலந்து வெடிக்கவைத்து நொடிக்கும் குறைவான நேரத்தில் பிசிறை எரிக்கும் முறை உட்துளைகளையும் எட்டும். ஆனால் ஆக்சைடு படிவதால் பிறகு கழுவியாக வேண்டும். உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் கரைக்கும் முறை துல்லியமானது. ஆனால் ஒவ்வொரு ஜாப்பின் வடிவத்துக்கும் தனி மின்முனை கேட்கும். ஆகவே முளைத்தபின் ஒழிப்பதைவிட, முளைக்கும் இடத்திலேயே அடக்குவது லாபம்: மழுங்குமுன் டூலை மாற்றுவது, டிரில் வெளியேறும் பக்கம் தாங்கு தகடு வைப்பது, எந்தத் துளையை முதலில் போடுவது என்று முன்கூட்டியே யோசிப்பது.

வரைபடத்தின் அந்த ஒற்றை வரி சொல்லாததைச் சொல்ல, ஐ.எஸ்.ஓ. 13715 என்ற தரவிதி விளிம்புக்கு எண் எழுதும் முறையைத் தருகிறது. பிளஸ் குறியிட்டால் அந்த அளவு வரை பிசிறு இருக்கலாம். மைனஸ் என்றால் விளிம்பை உள்நோக்கி வெட்டி எடுக்க வேண்டும். ஒற்றை ஜாப்புக்கு அரம் போதும். எண்ணெயோ எரிபொருளோ ஓடும் பாகத்துக்கு இந்த எண் இல்லாமல் ஆர்டர் கொடுப்பதும் தவறு, அதை வாங்கிக்கொள்வதும் தவறு.