பழைய படத்தில் இத்தாலியக் கார்: இரு பாணிகளும் சில அளவுகோல்களும்

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிற்பது இத்தாலியக் கார் என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வண்டி எந்தக் கம்பெனியுடையது? பாடி யார் கட்டியது? போருக்கு முன்பு அங்கே வசதி படைத்தவர்கள் எஞ்சினோடு சேஸிஸை ஓரிடத்தில் வாங்கி, பாடியை வேறு பட்டறையில் கட்டிக்கொண்டார்கள். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற மாதிரிதான். ஆகவே ‘ஆல்ஃபா ரோமியோ’ என்று சொல்லி நிறுத்துவது பாதி விடை.

பட்டறைகளில் மிலான், தூரின் என்று இரு பாணிகள். மிலானில் 1919-இல் தொழில் தொடங்கிய ஊகோ ஸகாட்டோ விமானத் தொழிற்சாலையில் கை பழகியவர். எடையைக் குறைப்பதே அவருடைய குறி. 1930-இல் மில்லே மிலியா பந்தயத்தில் நுவோலாரி வென்ற ஆல்ஃபா 6சி 1750-க்குப் பாடி அவருடையதுதான். அதே ஊரில் 1926-இல் பிறந்த டூரிங் பட்டறை, மெல்லிய எஃகுக் குழாய்களால் கூடு பின்னி அதன்மேல் அலுமினியத் தகடு போர்த்தும் முறைக்கு ‘சூப்பர்லெஜெரா’ என்று பேரிட்டது. பானட்டின் பக்கவாட்டில் சாய்வெழுத்தில் அந்தப் பேர் தெரிந்தால் பட்டறையைத் தேடி அலைய வேண்டாம்.

தூரினில் பெர்டோனே, கியா, பினின் ஃபரினா. இவர்களுடைய அக்கறை கோட்டில். பினின் ஃபரினா பாடி கட்டிய 1947-இன் சிஸிடாலியா 202-ஐப் பாருங்கள்: பானட், மட்கார்டு, கதவு எல்லாம் ஒரே தகட்டில் வழித்தெடுத்தது போல, பானட் மட்கார்டுகளை விடத் தாழ்ந்து கிடக்கும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-இல் கார்களுக்கு நடத்திய கண்காட்சியில் அதற்கும் இடம் கொடுத்தது. அந்தப் பட்டறையின் பேர் 1961 வரை இரண்டு சொல், பிறகு ‘பினின்ஃபரினா’ என்று ஒரே சொல். படத்தில் அந்தப் பேர்ப் பட்டை படிக்கக் கிடைத்தால் பெரிய உதவி. எடை மிலானுக்கு, கோடு தூரினுக்கு என்பது தோராயக் கணக்குதான்; டூரிங்கின் வண்டிகளே அதைப் பலமுறை பொய்யாக்கும்.

அடுத்தது அளவுகோல். ரேடியேட்டர் முத்திரையை நம்புகிறவர்கள் அதிகம். ஆல்ஃபா முத்திரையில் வாகை மாலை இருந்தால் 1925-க்குப் பிந்தியது, சவோய் அரசகுலத்தின் முடிச்சு இருந்தால் 1946-க்கு முந்தியது என்பது உண்மை. ஆனால் எந்தப் படத்தில் முத்திரை அவ்வளவு தெளிவாக விழுகிறது? என் வாக்கு கதவின் கீலுக்குத்தான். ஒரு பக்கத்தின் இரு கதவும் எதிரெதிராகத் திறந்து, நடுவில் தூணே இல்லாமல் பக்கம் முழுக்க வெளியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் லான்சியா. பின்புறம் சரிந்து இறங்கினால் 1937-இன் அப்ரிலியா, அல்லது அதன் சின்னத் தம்பி ஆர்டியா. நிமிர்ந்து நின்றால் ஆகஸ்டா.

ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறதே, படம் புரண்டு அச்சாகிவிட்டதோ என்று பதற வேண்டாம். சாலையில் வலப்புறம் ஓட்டிய நாட்டில் லான்சியாவும் ஆல்ஃபாவும் ஐம்பதுகள் வரை வலப்பக்க ஸ்டியரிங்கை விடவில்லை. ஐயம் தீரவில்லையென்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், ஆனால் எழுத்தை அல்ல. மிலானுக்குரிய எம், ஐ இரண்டும் கண்ணாடியில் மாறாத எழுத்துகள். புரண்ட படத்தில் அவை ஐ, எம் ஆகி இம்பீரியா மாவட்டத்து வண்டி என்று ஏமாற்றும். இலக்கங்கள் ஏமாற்றாது.

ஆண்டைக் கணிக்கப் படத்திலேயே இளைய காரைத் தேட வேண்டும். ஹெட்லைட் தனியே துருத்தி நிற்கும் பியட் டோபோலினோ 1936-இல் வந்தது. அதன் 1949-இன் வடிவமான 500சி-யில் விளக்கு மட்கார்டுக்குள் புதைந்துவிட்டது. ஆனால் முப்பதுகளின் கார் ஐம்பதுகளிலும் ஓடியிருக்கும். நடுவில் எவ்வளவு பழைய ஆல்ஃபா கம்பீரமாக நின்றாலும், ஓரத்தில் ஒரு பியட் 600-இன் மூக்கு எட்டிப் பார்த்தால் படம் 1955-க்கு முன் எடுத்ததல்ல. காரணம் சொல்லாமல் ஆண்டை மட்டும் எழுதும் குறிப்புகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் நிற்கும் பியட் 1100-க்கும் இதே சோதனைதான். பம்பாயில் பிரீமியர் கம்பெனி முதலில் செய்த வண்டிகளில் முன்கதவின் கீல் கதவின் பின் ஓரத்தில் இருக்கும். இங்கே 1964-இல் வந்த 1100 டி-யில் அது முன் ஓரத்துக்கு மாறியிருந்தது. அந்த வண்டிக்குப் பத்மினி என்ற பேர் எழுபதுகளில்தான் வந்தது. பின் ஓரத்தில் கீல் உள்ள காரின் கீழே ‘பத்மினி’ என்று எழுதியிருந்தால் தயங்காமல் அடித்துவிடலாம்.